லேசரால் மண்சரிவை அளப்பது: காரைக்குடிக் கொட்டகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பொறியியல் கல்லூரியில், சிவில் துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில், சாய்த்து நிறுத்திய ஓர் இரும்புத் தொட்டி. மேல் முனையில் மண்ணையும் தண்ணீரையும் அடைத்து, கதவைத் திறந்துவிட்டு, ஓடி வருவதையும் கீழே வந்து படிவதையும் லேசரால் அளக்கிறோம். முதலாண்டு மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மலையே இல்லாத செட்டிநாட்டில் நிலச்சரிவுக்கு என்ன ஆராய்ச்சி?

வாசல் தெளித்த தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கிற சமதரை நம்முடையது. குன்றக்குடியும் திருமயமும் பாறைக் குன்றுகள். அங்கே மண் சரிய வாய்ப்பு குறைவு. ஆனால் சோதனைக்கு மலை தேவையில்லை, வாட்டம்தான் தேவை. உண்மையான மலை ஒருமுறைதான் சரியும். அதுவும் நாம் கருவியோடு போய் நிற்காத நாளில், பெரும்பாலும் ராத்திரியில், கொட்டும் மழையில் சரியும். தொட்டியில் ஒரே மண்ணை ஒரே வாட்டத்தில் திரும்பத் திரும்பச் சரிய வைக்கலாம். ஈரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், அப்புறம் கெட்டிப்பை மட்டும்.

தவிர, இது மலைக்காரர்கள் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவும் முடியாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை நகரத்துக்குள்ளேயே மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். நம் பக்கத்தில் அஸ்திவாரத்துக்கும் குழாய்க்கும் தோண்டுகிற பள்ளம் சரிந்து ஆள் புதைவதும் இதே இயற்பியல்தான். ஆள் உயரப் பள்ளத்துக்கு முட்டுக்கொடுக்காமல் இறங்கச் சொல்கிற மேஸ்திரிகளை இந்தத் தொட்டி முன்னால் ஒருநாள் நிற்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிலச்சரிவும் டெப்ரி ஃப்ளோவும் ஒன்றா?

இரண்டும் உறவு, ஒன்றல்ல. நிலச்சரிவில் ஒரு துண்டு நிலம் அடியில் ஒரு தளத்தின் மேல் வழுக்கி இறங்குகிறது. அந்தத் துண்டுக்குள் தண்ணீர் நிறைந்து, மண் குழைந்து, கல்லும் மரமும் சேர்ந்து ஓடைவழியே பாய ஆரம்பித்தால் அது டெப்ரி ஃப்ளோ. வெறும் சேறு என்று நினைத்துவிடாதீர்கள். கன அளவில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணும்தான் இருக்கும். தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. பெரிய கற்கள் முன்னால் வந்து ஒரு மூக்குபோலக் குவியும், பின்னால் நீர்த்த சேறு தள்ளிக்கொண்டு வரும். இருபுறமும் கற்களை ஒதுக்கிக் கரை கட்டிக்கொண்டே போகும்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நடந்தது இதுதான். புஞ்சிரிமட்டத்துக்கு மேலே தொடங்கிய சரிவு முண்டக்கை, சூரல்மலை வழியாக ஏறக்குறைய 8 கி.மீ. பாய்ந்தது. ஆதியில் பெயர்ந்த நிலம் சுமார் 86,000 சதுர மீட்டர் என்று இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிட்டது. தலைப்பகுதியில் வழுக்கிய நிலச்சரிவு, வழியில் டெப்ரி ஃப்ளோ ஆனது. சாவு பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்.

லேசர் எப்படி அளக்கிறது?

மூன்று வழி உண்டு. முதல் வழி, ஒளியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தைப் பார்ப்பது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகிறது. போய்வர வேண்டும் என்பதால், 1 மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 6.7 பிக்கோ நொடி அளவுக்கு நேரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலையையோ கட்டடத்தையோ அளக்கும் முக்காலி ஸ்கேனர்கள் பல இந்த வகை. இரண்டாவது, அனுப்பிய ஒளியலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள கட்ட வித்தியாசத்தை, அதாவது ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பார்ப்பது. கிட்டத்தில் வேகமாக அளக்கும்.

மூன்றாவதுதான் எங்கள் தொட்டிக்குத் தோது. லேசரை ஒரு கோடாக விரித்து மேலிருந்து செங்குத்தாக மண்மேல் விழ வைக்கிறோம். பக்கவாட்டில் சாய்வாக ஒரு கேமரா. தட்டையான தரையில் கோடு நேராகத் தெரியும். மேடு வந்தால் அந்த இடத்தில் கோடு விலகும். லேசருக்கும் கேமராவுக்கும் இடையே 45 டிகிரிக் கோணம் இருந்தால், தரை மட்டத்தில் வைத்துப் பார்க்கும்போது, 1 மி.மீ. உயரத்துக்குக் கோடு 1 மி.மீ. விலகும். கோணத்தைக் குறைத்தால் உணர்வு குறையும். கூட்டினால் ஒரு கல் இன்னொரு கல்லின் கோட்டை மறைத்துவிடும். லேசரையும் கேமராவையும் ஒரு வண்டியில் பூட்டித் தண்டவாளத்தில் நகர்த்தினால் முழு மேற்பரப்பும் புள்ளிகளாகக் கிடைக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க முடியுமா, முடிந்த பிறகா?

இரண்டும் உண்டு. ஆனால் ஒரே கருவி இரண்டுக்கும் உதவாது. முக்காலி ஸ்கேனர் ஒரு சுற்று நன்றாக எடுக்கச் சில நிமிடம் ஆகும். எங்கள் தொட்டியில் மண் மேலிருந்து கீழே வர இரண்டு நொடி. அது தலையைத் திருப்பி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

அதனால் ஓட்டத்துக்கு, நகராமல் ஓரிடத்தில் நிற்கும் கோட்டு லேசர். நொடிக்கு 200 படம் எடுக்கும் கேமராவை அதற்கு எதிரே வைத்தால், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் ஓட்டம் ஒவ்வொரு படத்துக்கும் 1 செ.மீ. நகர்ந்திருக்கும். அந்த இடத்தில் ஓட்டத்தின் கனம் (தடிமன்) நேரத்தோடு எப்படி ஏறி இறங்கியது என்பது வரைபடமாகக் கிடைக்கும். மூக்கு வந்ததும் சட்டென ஏறும், வால் மெல்ல இறங்கும். மேற்பரப்பு வேகத்துக்கு மண்மேல் 5 செ.மீ. இடைவெளியில் கோலமாவுப் புள்ளி வைத்து வீடியோவில் தொடர்கிறோம். வெள்ளைக் கல்மாவு செம்மண்ணில் பளிச்சென்று தெரியும். இதற்கென்று விற்கும் துகள் எதையும் நாங்கள் வாங்கியதில்லை. புள்ளிகளின் வேகத்தை நேராகக் கனத்தோடு பெருக்கி, இவ்வளவு லிட்டர் போனது என்று சொல்லிவிடக் கூடாது. மேற்பரப்பு ஓடுகிற வேகத்தில் அடி ஓடுவதில்லை, பக்கச் சுவரும் பிடித்து இழுக்கும்.

காட்டில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையில் ஆண்டுக்குச் சில முறையாவது டெப்ரி ஃப்ளோ வரும். ஓடைக்கு மேலே நொடிக்குப் பத்து முறை முழுக் காட்சியையும் ஸ்கேன் செய்யும் லிடார் கருவிகளை (லேசரால் தூரத்தை அளப்பவை) தொங்கவிட்டிருக்கிறார்கள். தனித்தனிப் பாறையும் மரக்கட்டையும் எந்த வேகத்தில் போனது என்பதுவரை தெரிகிறது.

எவ்வளவு துல்லியம்? கருவிப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா?

எல்லாரும் கேட்பது இதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

பெட்டியில் போட்டிருக்கும் மில்லிமீட்டர், வெள்ளைச் சுவரில் நேர்க்குத்தாக அளந்தது. நம்மிடம் இருப்பது ஈரமான, கரடுமுரடான, சாய்வான செம்மண். அதைவிட முக்கியம், நாம் அளப்பது ஒரு மேற்பரப்பை அல்ல, இரண்டு மேற்பரப்புகளின் வித்தியாசத்தை. சரிவுக்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒரு ஸ்கேன். கழித்தால் எங்கே குறைந்தது, எங்கே சேர்ந்தது என்று வரும். ஆகவே இரண்டின் பிழையும் சேரும். ஒவ்வொன்றிலும் 1.5 மி.மீ. பிழை என்றால் வித்தியாசத்தின் பிழை 3 மி.மீ. ஆகாது, இருமடிகளைக் கூட்டி மூலம் எடுத்தால் 2.1. நூற்றுக்கு 95 உறுதி வேண்டும் என்று அதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.2 மி.மீ. அதற்குக் கீழே தெரியும் எந்த மாற்றத்தையும் நாங்கள் மாற்றம் என்று எழுதுவதில்லை, படம் எவ்வளவு அழகாக வண்ணம் காட்டினாலும்.

இது ஒவ்வொரு புள்ளிக்குமான கணக்கு. கன அளவுக்கு வந்தால் விஷயமே வேறு. அங்குமிங்கும் சிதறுகிற பிழை, லட்சக்கணக்கான புள்ளிகளைக் கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே பக்கம் சாய்ந்த பிழை போகாது. 2 சதுர மீட்டர் படிவில், இரண்டாவது ஸ்கேன் முழுக்க 1 மி.மீ. மேலே உட்கார்ந்துவிட்டால் 2 லிட்டர் மண் காற்றிலிருந்து வந்துவிடும். 60 லிட்டர் மண் போட்ட சோதனையில் அது மூன்று சதவீதத்துக்கு மேல். மாணவர்கள் கருவியின் துல்லியத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்படுவது இந்த 1 மி.மீ. சாய்வைப் பற்றி.

அது எங்கிருந்து வருகிறது? வெயிலிலிருந்து வரும். தகரக் கொட்டகைக்குள் காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில் இரும்பு 20 டிகிரி சூடேறினால், 4 மீட்டர் தொட்டி ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். இரு முனையும் இறுகப் பூட்டியிருந்தால் நீள இடமில்லாமல் நடுவில் வளையும். ஆகவே முன் ஸ்கேனைக் காலையில் எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்வந்து பின் ஸ்கேன் எடுப்பது கூடவே கூடாது. ஆட்களிடமிருந்தும் வரும். தொட்டிச் சட்டத்தில் ஒருவர் சாய்ந்து நின்றாலே கோடு அசைவது திரையில் தெரியும். அதனால் தொட்டியைத் தொடாமல், தரையில் தனியாகக் கான்கிரீட் போட்டு நட்ட தூண்களில் குறிப்பலகைகளை வைத்திருக்கிறோம். இரண்டு ஸ்கேனையும் பொருத்துவது அந்த அசையாத பலகைகளை வைத்துத்தான். மண்ணை மண்ணோடு பொருத்தினால், அசைந்ததையும் அசையாததாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

நிறத்துக்கும் லேசர் ஏமாறும். இதை மாணவர்களுக்குக் காட்ட ஓர் ஆத்தங்குடிப் பூக்கல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அந்தக் கல்லைக் கண்ணாடிமேல் வார்த்து எடுக்கிறார்கள், அதனால் முகம் கண்ணாடி மட்டத்துக்குத் தட்டை. விரலால் தடவினால் பூ எங்கே, தரை எங்கே என்று தெரியாது. ஸ்கேன் செய்தால் இதழ்களின் ஓரங்கள் மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் கோட்டில் லேசர்க் கோட்டின் பாதி மங்கி, பாதி பிரகாசமாகத் தெரிகிறது. கோட்டின் நடுவைத் தேடும் கணக்கு பிரகாசமான பக்கம் நகர்ந்துவிடுகிறது. இல்லாத மேடு இப்படித்தான் பிறக்கிறது. ஈரச் செம்மண்ணுக்கு நடுவே வெள்ளை ஜல்லி கிடந்தாலும் அதே கதைதான்.

மேற்பரப்பின் சரிவு இன்னொரு தொல்லை. 60 டிகிரிச் சரிவில் ஸ்கேன் பக்கவாட்டில் 1 மி.மீ. தவறினால் செங்குத்தில் 1.7 மி.மீ. மாற்றமாகத் தெரியும். சரிவு பிய்ந்த மேல் விளிம்பில் மேல்கீழாகக் கழிக்காமல், அந்தந்த இடத்தின் பரப்புக்குச் செங்குத்தான திசையில் வித்தியாசம் பார்க்கும் எம்3சி2 என்ற முறையைப் பயன்படுத்துகிறோம். 2013-இல் வெளியானது, கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளிலேயே இருக்கிறது.

போட்ட மண்ணைவிடக் கீழே சேர்ந்த மண் அதிகமாக வருகிறதே, கணக்கு தப்பா?

தப்பாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். கெட்டித்து வைத்த மண் பெயர்ந்து ஓடும்போது உதிர்ந்து ஊதும். எடை அதே, இடம் அதிகம். அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அதே குழியில் போட்டு நிரப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். லேசருக்குக் கன அளவுதான் தெரியும், எடை தெரியாது. அதனால் படிவிலிருந்து சிறு உருளைகளில் மாதிரி வெட்டி எடுத்து, எடைபோட்டு, அடுப்பில் காயவைத்து, ஒரு லிட்டரில் எவ்வளவு மண் என்று பார்த்தே ஆக வேண்டும். போட்ட எடையும் சேர்ந்த எடையும் ஒத்துவந்தால் ஸ்கேன் சரி.

பழைய வீடுகளை அளக்க வருகிறார்களே, அதே கருவியா?

முக்காலி ஸ்கேனர் என்றால் அதேதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டைப் புதுப்பிக்கும் முன் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் முக்காலியை வைத்து எடுத்து இணைப்பார்கள். அங்கே அவர்களுக்குத் தொல்லை, கண்ணாடியாக மின்னும் சுண்ணாம்புப் பூச்சும் பெல்ஜியம் கண்ணாடியும். லேசர் அதில் பட்டுத் தெறித்து வேறெங்கோ போய்த் திரும்பும். சுவருக்குள்ளே இன்னொரு அறை இருப்பதாகப் புள்ளிகள் விழும். எங்களுக்கு அந்த வேலையைச் செய்வது தண்ணீர்.

ஈர மண்ணில் லேசர் வேலை செய்யுமா?

செய்யும், முனகிக்கொண்டே. ஈரம் பட்டால் மண் கறுக்கும், திரும்பும் ஒளி குறையும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்களைத் தண்ணீர் அதிகம் உறிஞ்சும், அதிலும் 1,550 நானோமீட்டர் வகையை மிக அதிகமாக. சேற்றின்மேல் தண்ணீர் ஏடாக நின்றால் பளபளத்துக் கோடு வேறு திசையில் தெறிக்கும்; அந்த இடத்தில் ஓட்டையாக வரும். தெளிந்த தண்ணீருக்குள் பச்சை லேசர் இறங்கும், ஆனால் ஒளி வளைவதால் அடி மேலே இருப்பதாகக் காட்டும். நாங்கள் படிவை வடியவிட்டு, மினுமினுப்பு அடங்கியதும் எடுக்கிறோம். ரொம்ப நேரம் விட்டாலும் வம்பு: களி கலந்த மண் காயக் காயச் சுருங்கி வெடிக்கும், அதுவும் கன அளவைக் குறைக்கும்.

கண்ணுக்கு ஆபத்தா?

வகுப்பு 2 லேசர் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டது. கண் கூசி இமை மூடும் கால் நொடிக்குள் கெடுதல் இல்லை என்ற கணக்கில் வகைப்படுத்தியது. வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் அந்தக் கணக்கு செல்லாது. 3ஆர் வகை 5 மில்லிவாட் வரை. அதை ஆள் நிற்கும் உயரத்தில் வைக்க மாட்டோம். திருவிழாக் கடையில் விற்கும் பச்சை லேசர் பேனாக்களில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதீர்கள். பலவற்றில் எழுதியிருப்பதைவிட மிக அதிக சக்தி இருக்கும். பிள்ளைகள் கொண்டுவந்து "சார், இதை வச்சு அளக்கலாமா?" என்பார்கள். வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, போகும்போது அப்பா கையில் கொடுப்பேன்.

எந்த மண்? நம் ஊர்ச் செம்மண்ணே போதுமா?

போதும், சலித்தால். செம்புறாங்கல் சிதைந்து வந்த மண் நம்முடையது. இரும்பு ஆக்சைடு துகள்களை ஒட்டிக் கட்டியாக வைத்திருக்கும். அதைத் தனியாகப் போட்டால் ஒருமுறை கட்டியாக உருளும், மறுமுறை குழையும். எனவே சலித்த செம்மண், எம்-சாண்ட், சிப்ஸ் ஜல்லி மூன்றையும் எடைப்படி கலக்கிறோம்.

மண்ணைவிட, அதை எப்படி அடைத்தோம் என்பது பெரிய விஷயம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஐவர்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்று. ஒரே மணற்பாங்கான மண்; தளர்வாக, அதாவது கன அளவில் பாதி காலியிடமாக அடைத்தபோது, சரிய ஆரம்பித்த ஒரே நொடியில் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் பிடித்தது. கெட்டித்து, காலியிடம் நூற்றுக்கு நாற்பது அளவுக்கு வந்தபோது, விட்டுவிட்டு ஊர்ந்தது. தளர்ந்த மண் அசைந்தால் அமுங்கும், உள்ளே உள்ள தண்ணீருக்கு அழுத்தம் ஏறும், துகள்கள் மிதந்துவிடும். கெட்டியான மண் அசைய வேண்டுமானால் முதலில் விரிய வேண்டும். தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும், பிடிப்பு கூடும். பத்து சதவீதக் காலியிடம்தான் ஓடித் தப்பிக்க முடிகிற சரிவையும் முடியாத சரிவையும் பிரிக்கிறது.

இங்கேதான் லேசரின் எல்லையும் இருக்கிறது. அது தோலை மட்டும் பார்க்கும். உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு அடியில் அழுத்தமானி பதிக்க வேண்டும். இரண்டு பதிவும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும்.

4 மீட்டர் தொட்டியில் பார்த்ததை நீலகிரிக்குச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. மண்ணுக்குள் ஏறிய தண்ணீர் அழுத்தம் வடிய ஆகும் நேரம், கனத்தின் இருமடியோடு கூடும். 1 மீட்டர் கனத்தில் வடிய ஆகும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு போதும், 10 செ.மீ. கனத்துக்கு. ஆக, சின்னத் தொட்டியில் அழுத்தம் சீக்கிரம் வடிந்து சேறு நின்றுவிடும். மலையில் அது வடிவதற்குள் ஊரைத் தாண்டிப் போய்விடும். சேற்றின் பிசுபிசுப்பும் சின்ன அளவில் மிகையாகத் தெரியும்.

இதனால்தான் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1991-இல் ஓரிகான் மாநிலக் காட்டு மலைச்சரிவில் 95 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில், 31 டிகிரி வாட்டத்துக்குக் கான்கிரீட் தொட்டியே கட்டியது. ஒரு தடவைக்கு 20 கன மீட்டர் வரை மண்ணும் கல்லும் விடலாம். ஐவர்சன் குழுவின் சோதனைகள் அங்கே நடந்தவை. எங்கள் தொட்டியை, சோதனை நடத்துவதும் அளப்பதும் கற்றுக்கொள்ளத்தான் வைத்திருக்கிறோம். மாணவர் அறிக்கையில் "ஆகவே மலைப்பகுதிகளில்" என்று ஒரு வரி வந்தால் சிவப்பு மையில் அடித்துவிடுவேன்.

செல்போனில் இருக்கும் லிடார் போதாதா?

2020 முதல் வந்த சில ஐஃபோன், ஐபேட் ப்ரோக்களில் இருக்கிறது. சுமார் 5 மீட்டர் வரை எட்டும், பிழை செ.மீ. கணக்கில் வரும். 5 செ.மீ. கனப் படிவை 1 செ.மீ. பிழையோடு அளந்து என்ன செய்வது? ஆனால் சரிந்த பள்ளத்தையோ மண் குவியலையோ லாரிக் கணக்குக்கு அளக்கத் தாராளமாகப் போதும். லேசரே இல்லாவிட்டாலும், நல்ல கேமராவில் சுற்றிச் சுற்றி நிறையப் படம் எடுத்து மென்பொருளில் முப்பரிமாணமாக்கலாம். அளவுகோல் ஒன்றைக் காட்சிக்குள் வைக்க மறக்காதீர்கள். கைக்காசில் தொடங்குகிற மாணவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

இதை வைத்துச் சரிவு வருவதை முன்னாலேயே சொல்ல முடியுமா?

சில வகைக்கு முடியும். ஜப்பானில் செயற்கை மழை பெய்வித்துப் பெரிய தொட்டிச் சரிவுகளைச் சோதித்த புக்குசோனோ 1985-இல் ஒரு வழி சொன்னார். சரியப்போகும் நிலம் முதலில் மெல்ல ஊர்ந்து, வேகம் கூடிக்கொண்டே போகும். வேகத்தின் தலைகீழ் எண்ணை, அதாவது ஒன்றை வேகத்தால் வகுத்த எண்ணை, நேரத்துக்கு எதிரே வரைந்தால் பலசமயம் நேர்கோடாக இறங்கும். உதாரணத்துக்கு அந்த எண் பத்து மணிக்கு 4, பதினொன்றுக்கு 3, பன்னிரண்டுக்கு 2 என்றால் இரண்டு மணிக்குப் பூஜ்யம் தொடும். பூஜ்யம் என்றால் வேகம் எல்லை மீறிவிட்டது, சரிவு. சுரங்கங்களில் ரேடார் வைத்து இப்படிக் கவனிக்கிறார்கள்.

ஆனால் செங்குத்தான சரிவில் மெல்லிய மண் போர்வை கனமழையில் பிய்ந்து வருவதற்கு இந்த முன்னோட்டம் பெரும்பாலும் கிடைக்காது, எந்த மடிப்பில் பிய்யும் என்பதும் தெரியாது. அங்கே கைகொடுப்பது மழைக் கணக்கும் அபாய வரைபடமும். இந்தியாவில் பனி மூடிய பகுதி நீங்கலாக 4.2 லட்சம் சதுர கி.மீ., நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, சரிவு அபாயம் உள்ளது என்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கு. விமானத்திலிருந்து லேசர் அடித்தால் சில துடிப்புகள் இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். மரங்களைக் கணினியில் நீக்கிவிட்டுப் பார்த்தால் காட்டுக்கடியில் பழைய சரிவுகளின் தழும்பு தெரியும். ஒருமுறை சரிந்த பாதையில் வீடு கட்டாமல் இருக்க அந்தப் படம் உதவும்.

எங்கள் ஊர் ஊருணிக் கரை அரிக்கிறது. வந்து அளப்பீர்களா?

அளக்கலாம், அதற்கு இப்போதே ஒரு ஸ்கேன் வேண்டும். கரை சரிந்த பிறகு கூப்பிட்டால், கிடப்பதை அளக்கலாமே தவிர எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது. மழைக்கு முன் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று. படித்துறைக் கல் அசையாமல் இருக்கும், அதை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

சோதனை முடிந்த மண்ணை என்ன செய்கிறீர்கள்?

கொட்டகைக்கு வெளியே காயவைத்து, கட்டி உடைத்து, சலித்து மறுபடி அதையேதான் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு தடவையும் வடிகிற தண்ணீரோடு மெல்லிய களித்துகள் கொஞ்சம் போய்விடும்; நாலைந்து சோதனைக்குப் பிறகு அது பழைய மண்ணே இல்லை, சீக்கிரம் வடிந்து சீக்கிரம் நின்றுவிடும். அதனால் வடிநீரை வேறொரு தொட்டியில் பிடித்துத் தெளியவைத்து, அடியில் தங்கிய வண்டலைத் திரும்பக் கலக்கிறோம். அப்படியும் சல்லடைக் கணக்கு மாறினால் அந்த மண்ணுக்கு ஓய்வு. கட்டட வேலைக்காரர்கள் நிரப்புக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்.